மீதி 550

சகுந்தலா தேவி எங்காவது ஒரு கணக்கில் தவறியிருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுகாலம் இருந்தது. அதைப் பொறாமை என்று சொல்ல முடியாது. பொறாமைப்பட நமக்கும் கொஞ்சம் தகுதி வேண்டும். இது அதைவிடக் கீழான ஒன்று. வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். அவர் 1929 நவம்பர் 4-ல் பெங்களூரில் பிறந்தார். அப்பா சர்க்கஸ்காரர். மூன்று வயது மகள் சீட்டாட்டத்தில் தன்னைத் தோற்கடிப்பதைப் பார்த்தார். அவள் எல்லாச் சீட்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஆடுகிறாள் என்று புரிந்ததும் சர்க்கஸை விட்டுவிட்டு மகளை மேடையேற்றினார். ஆறு வயதில் மைசூர் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி; அப்புறம் லண்டன், உலகம். நான் பிறந்தது ஸ்ரீராமபுரத்தில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டில். எங்கள் தெருவைத் தாண்டாத என் கணக்கைப் போய் அவரோடு ஒப்பிட்டுப் பேசியவர் எங்கள் கணக்கு வாத்தியார்.

1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணினித் துறையினர் மனம்போனபடி தேர்ந்தெடுத்த இரண்டு பதின்மூன்று இலக்க எண்களைச் சகுந்தலா தேவியிடம் கொடுத்தார்கள். 7,686,369,774,870 ஒன்று, 2,465,099,745,779 மற்றொன்று. 28 வினாடிகளில் அவர் சொன்ன பெருக்குத்தொகை:

18,947,668,177,995,426,462,773,730.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த வருஷம் முழுக்க எங்கள் வகுப்பில் வாய்க்கணக்குக்குப் பேயாட்டம்தான். வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டு விரலைச் சொடுக்குவார். மூன்றாவது சொடுக்குக்குள் விடை வரவில்லையென்றால் பெஞ்சு மேல் ஏற வேண்டும். "சகுந்தலா தேவி பிறந்த ஊர்ல பொறந்துட்டு ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா ஓட்டைப் பார்க்குறியேடா" என்பார். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று எனக்குத் தெரியும். ஆனால் அது நான்காவது சொடுக்குக்குத்தான் வரும். பெஞ்சு மேல் நின்றபடி சரியான விடையை மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அதை யாரும் கேட்கவில்லை. கணக்கு என்றால் வேகம், வேகம் என்றால் அந்தப் பட்டுப்புடவை அம்மாள் என்று மனத்தில் பதிந்துவிட்டது.

படிப்பு அதிகம் ஏறவில்லை. கலாசிபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுத உட்கார்ந்தேன். அங்கே இருந்த கணக்குப்பிள்ளை கோலார் பக்கத்துக்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். கால்குலேட்டர் அவர் மேஜையில் இருந்தது, காகிதம் பறக்காமல் இருக்க. ஒருநாள் மாசக்கணக்கு 180 ரூபாய் இடித்தது. பணம் எங்கே போனதென்று நான் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பி, நூத்தி எம்பதை ஒம்போதால வகு. மீதி இல்லாம போகுதா? அப்ப பணம் எங்கியும் போகல. எலக்கம் எடம் மாறியிருக்கு" என்றார்.

அவர் சொன்னபடியே 1,530 என்ற தொகை பேரேட்டில் 1,350 ஆகியிருந்தது. எந்த எண்ணிலும் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினால் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 180-ஐ ஒன்பதால் வகுத்தால் 20 வருகிறதே, அதிலிருந்தே அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இரண்டு வித்தியாசத்தில் இருக்கின்றன, மாறியது பத்துக்கும் நூறுக்கும் நடுவில் என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு பக்கத்தைப் புரட்டி அப்படி இருக்கும் தொகைகளை மட்டும் பார்த்தால் போதும்.

எனக்கு அந்த மனிதர் மந்திரவாதியாகத் தெரிந்தார். ஆனால் அவர் நிதானமான ஆள். நான் கேட்டது எப்படி என்று அல்ல, ஏன் என்று. சொல்லித் தந்தார். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூறை வகுத்தாலும் ஒன்று. ஆயிரம், லட்சம், கோடி எதை வகுத்தாலும் ஒன்றேதான். ஆகவே ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதியோ, அதே மீதிதான் அதன் இலக்கங்களைக் கூட்டி வகுத்தாலும் வரும். பெருக்கலைச் சரிபார்க்க இரண்டு எண்களின் மீதியைப் பெருக்கி, விடையின் மீதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஆரியபட்டர் எழுதி வைத்த சோதனை இது என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. கணக்குப்பிள்ளைக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, தேவையும் இல்லை.

இதன் பலவீனத்தையும் அவரேதான் சொன்னார். இடம் மாறிய இலக்கங்களை ஒன்பது பிடிக்காது. 53-க்கும் 35-க்கும் மீதி ஒன்றே. அதற்குப் பதினொன்று வேண்டும். பதினொன்றால் வகுக்கும்போது இலக்கங்களை வலமிருந்து கூட்டி, கழித்து, கூட்டி, கழித்து என்று போக வேண்டும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறினால் குறி மாறிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும். நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் இந்தக் காவல் வேலைக்காக உட்கார்ந்திருப்பதுதான். 1969-ல் டச்சுக் கணிதர் வெர்ஹூஃப் வகுத்த முறை. ஒற்றை இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு மாறினாலும், கண்டுபிடித்துவிடும். நாலு பேர் கையில் நாலு விதமாக எழுதப்படும் எண்ணுக்கு இந்த அளவு பாதுகாப்பு வேண்டும்தான்.

2013 ஏப்ரல் 21-ல் சகுந்தலா தேவி இந்த ஊரிலேயே காலமானார். மறுநாள் நாளிதழில் அந்த மூன்று எண்களும் வந்திருந்தன. சாப்பாடு முடிந்து, பழைய எல்.ஆர். (லாரி ரசீது) புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறந்துபோன ஒரு பெண்மணியின் கணக்கில் பிழை தேட. முப்பது வருஷத்துக்கு முந்தைய பெஞ்சின் உயரம் இன்னும் காலில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்பது. முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 78, மீதி 6. இரண்டாவது 74, மீதி 2. பெருக்கினால் 12, அதாவது 3. விடையின் இலக்கங்கள் 138; மீதி 3. சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடைகூட ஒன்பதில் ஒருமுறை இந்தச் சோதனையில் தப்பிவிடும். விடுவதாக இல்லை.

அடுத்து எடுத்தது 1001. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் 1001. ஒரு சோதனையில் மூன்று பேரையும் விசாரித்துவிடலாம். இதற்கு எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒரு துண்டைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். நாளிதழில் காற்புள்ளிகள் மும்மூன்றாகவே விழுந்திருந்தது வசதி.

870 − 774 + 369 − 686 + 7. விடை −214.

779 − 745 + 99 − 465 + 2. விடை −330.

இரண்டையும் பெருக்கினால் 70,620. அதையும் வெட்டிக் கழித்தால், 620 − 70 = 550.

இனி அவருடைய விடை. 730 − 773 + 462 − 426 + 995 − 177 + 668 − 947 + 18. ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டே போனேன். நடுவில் −7 வரை இறங்கியது. மறுபடி ஏறியது. கடைசித் துண்டுக்கு முன்னால் 532. பதினெட்டைக் கூட்டினேன்.

550.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை கிடைக்காத ஏமாற்றம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 999-ஐயும் பார்த்துவிடலாம் என்று துண்டுகளையெல்லாம் வெறுமனே கூட்டினேன். முதல் எண் 708, இரண்டாவது 92, பெருக்கிச் சுருக்கினால் 201. விடையின் ஒன்பது துண்டுகள் 5,196, சுருக்கினால் 201. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் ஆயிரத்தொன்றையும் பெருக்கினால் 999,999. அதாவது தாறுமாறான ஒரு தவறான விடை இந்த இரண்டு சோதனைகளையும் தாண்டிவிட ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. நான் அந்தப் பெருக்கலைப் போடவே இல்லை. இருபத்தாறு இலக்க விடையில் ஒரு இலக்கத்தைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, யாரும் விரல் சொடுக்காமலேயே.

28 வினாடியை மட்டும் என்னால் சோதிக்க முடியாது. மனக்கணக்கு மேதைகளைப் பற்றி 1983-ல் புத்தகம் எழுதிய ஸ்டீவன் ஸ்மித் அந்த நேரத்தை நம்பவில்லை. முன்னால் யாரும் கிட்டே வராத வேகம் என்பது அவருடைய தயக்கம். பதின்மூன்றையும் பதின்மூன்றையும் பெருக்க 169 சிறு பெருக்கல்கள் உண்டு. 28 வினாடியில் என்றால் வினாடிக்கு ஆறு. அதற்குமேல் கூட்டலும் நினைவில் வைப்பதும். தயக்கத்தில் நியாயம் உண்டு என்றுதான் எனக்கும் படுகிறது. கின்னஸ்காரர்கள் அதற்கான சான்றிதழைத் தந்தது 2020-ல், அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து. ஆனால் கடிகாரத்தைப் பற்றிய சண்டை கடிகாரத்தோடு நிற்கிறது. அந்த 550-ஐ அது தொடாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சகுந்தலா தேவி என்றதும் பலரும் சொல்வது அந்த 201 இலக்க எண்ணைத்தான். 1977-ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் அதன் 23-ஆம் மூலத்தை 50 வினாடியில் சொன்னார். விடை 546,372,891. கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒவ்வொரு முறை, ஒன்றுகூட விடுபடாமல். யாரோ உட்கார்ந்து ரசித்துச் செய்த கேள்வி அது. மீதியின்றி வரும் மூலம் என்று முன்கூட்டியே தெரிந்தால், விடையின் தலையும் வாலும் முதலிலேயே மாட்டிக்கொள்ளும். 1988-ல் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் அவரைச் சோதித்தபோது கேட்டவற்றில் 61,629,875-இன் கனமூலமும் ஒன்று. அதை என் போன்ற மந்தனும் போடலாம். 390-இன் கனம் 59,319,000. 400-இன் கனம் 64,000,000. விடை நடுவில். எண் ஐந்தில் முடிகிறது, மூலமும் ஐந்தில்தான் முடியும். 395. எனக்கு ஒரு நிமிஷம், அவருக்கு ஜென்சன் குறிப்பேட்டில் எழுதி முடிக்கும் முன்பே. 23-ஆம் மூலம் இதைவிட எத்தனையோ மடங்கு கடினம், மறுக்கவில்லை. ஆனாலும் இம்பீரியல் கல்லூரிப் பெருக்கலில் பிடித்துக்கொள்ள இப்படி ஒரு கொம்பும் இல்லை. அது இருபத்தாறே இலக்கம், இது இருநூற்றொன்று என்று இலக்கத்தை எண்ணி மலைப்பவர்களுக்கு இது பிடிபடுவதில்லை.

பிழை தேடப்போன நான் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டேன். அந்த −330-இல் இன்னொரு சேதி இருந்தது. 330 பதினொன்றால் வகுபடும். அப்படியானால் இரண்டாவது எண்ணும் வகுபட வேண்டும். வகுத்தேன்: 224,099,976,889. துண்டு துண்டாகக் கூட்டிக் கழித்ததில் தற்செயலாகக் கிடைத்தது. முதல் எண் பூஜ்ஜியத்தில் முடிகிறது, ஆகவே இரண்டும் ஐந்தும் உள்ளே. இலக்கக் கூட்டுத்தொகை 78 என்பதால் மூன்றும் உள்ளே, ஒன்பது கிடையாது. முப்பதால் வகுத்தால் 256,212,325,829. ஆக அந்த இருபத்தாறு இலக்க எண் 330-ஐயும் பன்னிரண்டு இலக்க எண்கள் இரண்டையும் பெருக்கினால் வருவது.

அந்த இரண்டையும் உடைக்கலாம் என்று ஆரம்பித்தேன். நூறுக்குள் பகா எண்கள் 25. இரண்டு, மூன்று, ஐந்து, பதினொன்று என்ற நான்கும் முன்பே வெளியே வந்துவிட்டன. ஏழு முதல் தொண்ணூற்றேழு வரை மற்ற எதுவும் எந்தப் பக்கமும் நுழையவில்லை. பெரியதை முழுதாகச் சோதிக்க அதன் வர்க்கமூலம் வரை, அதாவது ஐந்து லட்சத்து ஆறாயிரம் வரை போக வேண்டும். ஐந்து லட்சத்துக்குள்ளேயே 41,538 பகா எண்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்றவனுக்குக்கூட இது கொஞ்சம் அதிகம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது, ஐ.ஐ.டி. கான்பூரில் 2002 ஆகஸ்டில் நடந்ததை என் மகள் விளக்கியபோது. மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த அவருடைய மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும் ஒரு வழிமுறையைக் கண்டுபிடித்தார்கள். எந்த எண்ணானாலும் அது பகா எண்ணா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடும். இலக்கங்கள் கூடக்கூட வேலை எல்லைமீறிப் பெருகாது. நூற்றாண்டுகளாகத் தேடியது. 2006-ல் கோடல் பரிசு. நீரஜ் கயல் பிறகு எங்கள் ஊரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்துவிட்டார் என்பதில் எனக்கு ஒரு சம்பந்தமில்லாத பெருமை.

அந்த வழிமுறையின் அடியில் கிடப்பது 1640-ல் ஃபெர்மா சொன்னது: ஓர் எண்ணைப் பகா எண் தடவை தன்னோடு தானே பெருக்கி, அந்த எண்ணையே கழித்தால், மிஞ்சுவது அந்தப் பகா எண்ணால் வகுபடும். வகுபடவில்லையா, அது பகா எண் இல்லை. அதன் காரணிகள் எவை? அதைப் பற்றி இந்தச் சோதனை ஒரு வார்த்தை பேசாது. உள்ளே யாரோ இருக்கிறார்கள், யாரென்று தெரியாது. கண்டுபிடிப்பது வேறு, அறிவது வேறு என்று கலாசிபாளையத்து மேஜையில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டது இதுதான். பணம் எந்தப் பக்கத்தில் இடித்தது என்று தெரியும் முன்பே இலக்கம் மாறியிருக்கிறது என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியும்.

இந்த இடைவெளியில்தான் உலகத்தின் பூட்டுகள் பல தொங்குகின்றன என்றாள் மகள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்ற நம்பிக்கையில் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டு முறை வந்தது 1977-ல், சகுந்தலா தேவி டல்லாஸில் மூலம் சொன்ன அதே வருஷம். 250 இலக்கமுள்ள அப்படிப்பட்ட ஓர் எண்ணை 2020-ல் பிரித்தார்கள். ஒரே ஒரு கணினி மையக்கருவை வேலைக்கு வைத்தால் ஏறக்குறைய 2,700 வருஷம் ஆகியிருக்குமாம். நான் நாற்பதாயிரம் பகா எண்ணுக்கு அலுத்துக்கொள்கிறேன்.

"அப்பா, உங்க பன்னெண்டு இலக்கத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டா கண் இமைக்கிறதுக்குள்ள காரணியெல்லாம் வந்துடும். போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். வீம்பு என்று நினைத்துக்கொண்டாள். வீம்பில்லை. அடுத்தது 101, அது சுலபமானது. அதைப் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன். 101-க்கு இலக்கங்களை இரண்டிரண்டாக வெட்டிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 29 − 58 + 32 − 12 + 62 − 25. மீதி 28. மற்றதற்கு 89 − 68 + 97 − 99 + 40 − 22, மீதி 37.

அடுத்தது 103. அதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை, நேராக வகுக்க வேண்டியதுதான்.